மூச்சை எண்ணும் பெட்டி

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுவிட மறந்துபோகும். கேட்க விநோதமாக இருந்தாலும் நடப்பது அதுதான். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு இன்னும் முதிர்ந்திருக்காது. நிம்மதியாகத் தூங்கும்போதே மார்பின் ஏற்ற இறக்கம் நின்றுவிடும். 20 விநாடியைத் தாண்டினாலும், அதற்குள்ளாகவே இதயத்துடிப்பு சரிந்தாலும் மருத்துவர்கள் அதை ‘அப்னியா’ என்பார்கள். 28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் இது வரும். மூச்சைத் தூண்டிவிட காஃபின் கொடுப்பார்கள். நம் காபியில் இருக்கிறதே, அதே காஃபின்தான்.

அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு நாள்கணக்கு உண்டு. ஐந்து முதல் ஏழு நாள்வரை ஒருமுறைகூட மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். ஆறாம் நாள் இரவு நின்றுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். துணிமணியை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு அந்த விடியல் எவ்வளவு கொடுமையாக இருக்கும்! பாலும் நன்றாகக் குடித்து, எடையும் ஏறி, இந்த ஒன்றில் மட்டும் தேறாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைத்தான் மூச்சைக் கண்காணிக்கும் மானிட்டர் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பெட்டி சிறியதுதான். குழந்தையின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை, அதற்குள் இரண்டு மின்முனைகள், அங்கிருந்து ஒரு ஒயர். மூச்சிழுக்கையில் மார்பின் மின்தடை மாறுவதை வைத்து அது எண்ணுகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். தொண்டை அடைபட்டுக் காற்றே உள்ளே போகாவிட்டாலும், மார்பு ஏறி இறங்கினால் அதையும் மூச்சு என்றே பெட்டி எடுத்துக்கொள்ளும். இதயத்துடிப்பு குறைந்த பிறகுதான் கத்தும். பட்டை தளர்ந்தாலோ காரணமில்லாமலே வீட்டை எழுப்பிவிடும். அதனால் அலாரம் அடித்தால் முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டும், பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உதடு நீலம் பாரித்திருக்கிறதா? மார்பு அசைகிறதா? அசையவில்லை என்றால் உள்ளங்காலை வருட வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும். குலுக்கவே கூடாது. பெரும்பாலும் அந்தத் தொடுதலிலேயே உடம்பு ஒருமுறை சிலிர்த்து மூச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் என்ன செய்வது என்பதையும் பொம்மையை வைத்துப் பெற்றோருக்குப் பழக்கித்தான் அனுப்புவார்கள். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களும் அதைக் கற்றுக்கொள்வது நல்லது என்பேன்.

இந்தப் பெட்டி வீடுகளுக்குள் நுழைந்த கதை வேதனையானது. 1972இல் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐந்து குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் இருவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள்; இருவரும் இறந்துபோனவர்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதே தொட்டில் மரணத்துக்கு, அதாவது காரணம் தெரியாமல் குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறப்பதற்கு, முன்னறிகுறி என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் வீட்டு மானிட்டர்கள் பெருகின. 1995இல், அந்த இருவர் உட்படத் தன் ஐந்து குழந்தைகளையும் கொன்றவர் தாய் வனீட்டா ஹாய்ட்தான் என்று நியூயார்க் மாநில நடுவர் குழு முடிவுசெய்தது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே கண்காணித்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைகளுக்கும் இடையிடையே மூச்சு நிற்பதை அது காட்டியது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடுதலாக இருந்த தொல்லை, குறித்த பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் கழிந்தபோது மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டது. 2003இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், தொட்டில் மரணத்தைத் தடுப்பதற்கென்று மானிட்டர் எழுதித் தராதீர்கள் என்றது. மூச்சு நிற்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு, ஏறக்குறைய அந்த மூன்று வாரம்வரை தரலாம் என்றது.

தொட்டில் மரணத்தைக் கண்கூடாகக் குறைத்தது குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கும் வழக்கம். 1994இல் அமெரிக்காவில் அதற்கான பிரசாரம் தொடங்கியபின் அந்த மரணங்கள் பாதியாகக் குறைந்தன. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சு சிரமம் குறையட்டும் என்று குழந்தையைக் குப்புறப் போட்டிருப்பார்கள். வாரக்கணக்கில் அதையே பார்த்துப் பழகிய பெற்றோருக்கு வீட்டிலும் அப்படியே படுக்கவைக்கத் தோன்றும். அதனால்தான் வீடு திரும்பும் நாளுக்கு வெகுமுன்பே, தாய் பக்கத்தில் இருக்கும்போதே, நர்ஸ் குழந்தையை மல்லாக்கத் திருப்பிப் போட்டுப் பழக்க ஆரம்பிக்கிறார்.