ஒரு ரீல், மூணு லைன்: விலை வேற, செலவு வேற!



அலங்காநல்லூர்ல பெரியாறு கால்வாய் ஓரமா மூங்கில் கம்பு, நரம்பு, மண்புழுன்னு தூண்டில் போட்டு வளர்ந்த ஆள் நான். போன வருஷம் நீலகிரியில ட்ரவுட் பிடிக்கணும்னு ஆசைப்பட்டு ஃப்ளை ஃபிஷிங் கத்துக்க ஆரம்பிச்சேன். முதல் ரீல்லயே கையைச் சுட்டுக்கிட்டேன். ஒரு ஆடிட்டர் செய்யக்கூடாத தப்பு அது: விலையை மட்டும் பார்த்து வாங்கிட்டேன்.

ஒரு லைன் ஏன் போதாது?

நம்ம ஊர் தூண்டில்ல ஈயக்குண்டு கனம்தான் நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல இறகுல கட்டின பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. லைனோட கனம்தான் அதைத் தூக்கிட்டுப் போகுது. அதனால மீன் மேல மேஞ்சா மிதக்கற லைன், ஆழத்துல இருந்தா மூழ்கற லைன், நடுவுல இருந்தா நுனி மட்டும் மூழ்கற லைன்.

1907-லயே அவலாஞ்சியில ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்துடுச்சு. அங்க ஓடையும் இருக்கு, ஆழமான நீர்த்தேக்கமும் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே லைன் சரிவராது. (மீன்வளத்துறை அனுமதி வாங்காம இறங்காதீங்க.)

லைனை மாத்தணும்னா அது சுத்தியிருக்கற ஸ்பூலை மாத்தணும். நான் வாங்கின மாடலுக்குத் தனி ஸ்பூலே கிடைக்கல!

கணக்கு போடுவோம்

புரியறதுக்காக நான் வச்ச தொகைகள்தான் இவை. கடை விலை மாறும்.

ரீல் 'அ': விலை 4,000 ரூபாய். கூடுதல் ஸ்பூல் ஒண்ணு 2,500.
ரீல் 'ஆ': விலை 6,500 ரூபாய். கழட்டி மாட்டற பிளாஸ்டிக் கேசட் மூணு கூடவே வருது.

• 1 லைன்: அ 4,000, ஆ 6,500
• 2 லைன்: ரெண்டுமே 6,500
• 3 லைன்: அ 9,000, ஆ 6,500

ரெண்டாவது லைன்லதான் பிரேக்-ஈவன். ஒரே லைன் போதும்னா 'அ' வாங்குங்க, தப்பே இல்லை. மூணு வேணும்னா விலை கூடின 'ஆ'தான் மலிவு.

வாங்கறதுக்கு முன்னாடி

1. ராடு, லைன், ரீல் மூணும் ஒரே நம்பருக்குப் பொருந்தணும். 5-ம் நம்பர் லைன்னா 5/6 ரீல்.
2. மிதக்கற லைன்தான் தடிமன் அதிகம். அதுவும், அடியில சுத்தற பேக்கிங் நூலும் சேர்ந்து கொள்ளுமான்னு பாருங்க.
3. தனி ஸ்பூல் அல்லது கேசட் இப்பவே ஸ்டாக்ல இருக்கான்னு கேளுங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கூரியரும் சுங்க வரியும் சேரும்.
4. சின்ன ஓடை ட்ரவுட்டுக்கு விலை உயர்ந்த பிரேக் தேவையில்லை. சாதாரண கிளிக் ரீலே போதும்.
5. மிச்சமாகற பணத்தை நல்ல லைன்ல போடுங்க. தூரமா வீச உதவறது அதுதான், ரீல் இல்லை.

பிரிண்டர் வாங்கும்போது இங்க் விலை கேட்கறோம்ல? அதே புத்திதான் இதுக்கும். எந்தப் பொருளா இருந்தாலும் "இதுக்கு அப்புறம் என்னென்ன வாங்கணும்?"னு ஒரு தாள்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. அதுக்கு அப்புறம் பர்ஸைத் திறங்க.

அடுத்த வீடியோவுல சந்திப்போம்.