வால் முளைத்த ரூபி

அமெரிக்காவின் அக்யூகிராஃப்ட் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் 'ரூபி' என்றொரு சின்ன ரயில் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கைகளில் ஏந்திவிடலாம். 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில், தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே ஓடும். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு செம்புக் கொதிகலன், அதன் நடுவே செல்லும் குழாய்க்குள் பியூட்டேன் சுடர், பக்கத்துக்கு ஒரு சிலிண்டர். தண்ணீர் கொதித்து வரும் நீராவிதான் அதை நகர்த்துகிறது. இந்த வகை எஞ்சின்களில் இதன் விலை குறைவு. அதனால் வாங்கியவர்கள் பலருக்கு இதன்மேல் ரம்பத்தை வைக்கத் தயக்கம் இருக்கவில்லை. தொழிற்சாலை அனுப்பிய உருவத்தைக் கழற்றிவிட்டு, அதே அடிச்சட்டத்தின் மேல் வேறொரு வகை எஞ்சினை எழுப்புவது அவர்களுக்குத் தனி விளையாட்டாகிவிட்டது.

எஞ்சின் வகையைச் சக்கரக் கணக்கால் சொல்வது வழக்கம். முதல் எண் முன்னால் உள்ள தாங்குசக்கரங்கள், நடு எண் சிலிண்டர் தள்ளும் உந்துசக்கரங்கள், கடைசி எண் பின்னால் உள்ள தாங்குசக்கரங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி ரயிலின் நீராவி எஞ்சின் 0-8-2. ரூபி வெறும் 0-4-0. அதற்குப் பின்னால் நான்கு சக்கரம் சேர்த்தால் 0-4-4 ஆகும். மாற்றியமைப்பவர்கள் அடிக்கடி போய்ச் சேரும் இடம் இதுதான். இந்த வகைக்கு ஃபார்னி என்று பெயர்.

மத்தியாஸ் ஃபார்னி பொறியாளர். பிற்பாடு ரயில்வே இதழாசிரியராகவும் பேர் வாங்கியவர். 1860-களில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது. தண்டவாளத்தைப் பற்றி இழுப்பது உந்துசக்கரங்கள்தான். அந்தப் பிடிப்பு, அவற்றின் மேல் உட்காரும் எடையைப் பொறுத்தது. தண்ணீரும் கரியும் உந்துசக்கரங்களின் மேல் இருந்தால், அவை செலவாகச் செலவாக எடை குறையும், பிடிப்பும் குறையும். எனவே கொதிகலனையும் சிலிண்டர்களையும் உந்துசக்கரங்களின் மேல் வைத்தார். தீர்ந்துபோகும் சரக்கை எல்லாம் பின்னால் ஒரு போகியின் மேல், அதாவது தனியே திரும்பும் நான்கு தாங்குசக்கரச் சட்டத்தின் மேல், தள்ளினார். தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் பிடிப்பு ஏறக்குறைய ஒன்றேதான். மின்சாரம் வரும்வரை நியூயார்க்கின் உயர்மட்ட ரயில்களை இழுத்தவை இந்த எஞ்சின்களே. 1877-ல் மாசசூசெட்ஸில் இரண்டடி அகலப் பாதை ஒன்றில் ஓடத்தொடங்கிய ஏரியல், பக் என்ற இரண்டும் இந்த வகைதான். அந்தக் கம்பெனி சீக்கிரமே நொடித்துப்போக, அவை மெய்ன் மாநிலத்தின் சாண்டி ரிவர் பாதைக்கு விலைபோயின.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ரூபி 1:20.3 அளவில் செய்யப்பட்டது. 45 மில்லிமீட்டரை 20.3 ஆல் பெருக்கினால் மூன்றடி அகலப் பாதை கிடைக்கும். ஆனால் அதே 45 மில்லிமீட்டரை மெய்னின் இரண்டடிப் பாதை என்று எடுத்துக்கொண்டால் அளவு 1:13.7-க்குப் பக்கத்தில் வந்துவிடும். சக்கரம் மாறவில்லை, தண்டவாளம் மாறவில்லை. ஓட்டுநர் பொம்மையை மட்டும் ஒன்றரை மடங்கு உயரமாக்கி, அதற்கேற்ப அறையின் கூரையை உயர்த்தி, கதவையும் சன்னலையும் பெரிதாக்கினால் போதும், அந்த அடிச்சட்டம் வேறொரு ஊரின் ரயிலாகிவிடும். 35 மில்லிமீட்டர் சக்கரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்ன ஓட்டுநரின் பக்கத்தில் அது 71 சென்டிமீட்டர் சக்கரம், பெரிய ஓட்டுநரின் பக்கத்தில் 48 சென்டிமீட்டர் சக்கரம். கண் அளவெடுப்பது பொம்மையை வைத்துத்தான்.

கண் ஏமாறும், இயற்பியல் ஏமாறாது. எஞ்சினை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் பிஸ்டனின் பரப்பு 400-ல் ஒரு பங்காகும். எடை 8,000-ல் ஒரு பங்காகும். 16 டன் ஃபார்னி வெறும் 2 கிலோவாகிவிடும். நீராவி அழுத்தத்தை மட்டும் அப்படியே விட்டால், எடையோடு ஒப்பிடும்போது தள்ளும் விசை இருபது மடங்கு கூடிவிடும். மாதிரி எஞ்சின்கள் பெரியவற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன; அப்படியும் விசை மிஞ்சும். ஆகவே சின்ன எஞ்சினுக்குப் பெரும்பாலும் பலம் போதாமல் போவதில்லை, பிடிப்புத்தான் போதாமல் போகிறது. நீராவியைத் திறந்ததும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும்.

இந்த நிலையில் போகியைச் சேர்ப்பது எதிர்பாராத விளைவைத் தரும். தொட்டி, பித்தளைத் தகடு, சக்கரங்கள் எல்லாம் சேர்த்து எஞ்சின் 3 கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கிலோவை போகி தாங்கினால், உந்துசக்கரங்களுக்கு மிஞ்சுவது 2 கிலோ. பிடிப்பு எடையில் கால்வாசி என்று கொண்டால் இழுவை அரைக்கிலோதான். ஃபார்னியின் ஏற்பாடு தீராத எடையை முன்னால் நிறுத்துவதற்காகப் பிறந்தது. மாதிரியில் அந்த எடையே போதவில்லை. அதனால் புகைப்பெட்டிக்கு அடியிலும் சட்டத்தின் இடுக்குகளிலும் ஈயத்தை நிரப்புகிறார்கள். பார்ப்பவர் கண்ணில் படாத அந்த ஈயம்தான் இந்த வேலையின் சூட்சுமம் என்பேன். வெளியில் ஒட்டும் மணியும் விளக்கும் யாருக்கும் கைவரும்.

அடுத்த சிக்கல் வாயுத்தொட்டி. இந்த அளவு எஞ்சின்களில் அது பெரும்பாலும் ஓட்டுநர் அறைக்குள், கொதிகலனின் முதுகை ஒட்டியே இருக்கும். பின்னால் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வந்ததும், வாயுத்தொட்டியை அதற்குள் ஒளித்துவிட ஆசை வருவது இயல்பு. அறையும் நிஜமான அறை போல விசாலமாகும். ஆனால் திரவ பியூட்டேன் ஆவியாவதற்குத் தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. தொட்டி தானாகவே குளிர்ந்துகொண்டே போகும். குளிர்ந்தால் உள்ளழுத்தம் இறங்கும், சுடர் சுருங்கும், நீராவி தளரும். முன்பு கொதிகலனின் சூடு அதைக் கேட்காமலே காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சூடு எட்டாது. அனுபவசாலிகள் பின்தொட்டியில் நிஜமாகவே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, வாயுத்தொட்டியை அதில் அமிழ்த்திவைக்கிறார்கள். வேடத்துக்காகப் போட்ட தண்ணீர்த் தொட்டிக்கு உண்மையான வேலை கிடைத்துவிடுகிறது.

கொதிகலனை மட்டும் தொடாமலிருப்பது நல்லது. வெள்ளிக் கலவையால் பற்றவைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்துச் சான்று பெற்ற பாத்திரம் அது. ஒரு திருகாணிக்குத் துளை போட்டாலும் மறுபடி சோதிக்கவேண்டும். புதுக் குவிமாடமும் புகைபோக்கியும் வெளி உறையோடு நிற்கட்டும்.

திசை மாற்றும் முறையிலும் ரூபி பெரிய எஞ்சின்களைப் போலல்ல. பெரியவற்றில், பெல்ஜியத்தின் வால்ஷார்ட்ஸ் 1844-ல் வகுத்தது போன்ற கம்பி அமைப்பு வால்வின் அசைவையே முன்பின் மாற்றும். ரூபியில் அந்தக் கம்பிகள் இல்லை. நீராவி உள்ளே வரும் வழியையும் வெளியேறும் வழியையும் இடம் மாற்றிவிட்டால், எஞ்சின் பின்னோக்கி ஓடும். இதற்கு வால்வு, வாசலை மூடும் அளவுக்கு மேல் ஒரு இழைகூட அகலமாக இருக்கக்கூடாது. அப்படியானால் பிஸ்டன் கடைசிவரை போகும்வரை நீராவி வந்துகொண்டே இருக்கும். பாதியில் நிறுத்தி, உள்ளே இருப்பதை விரியவிட்டு வேலை வாங்க முடியாது. பெரிய ரயிலில் இது கரியைக் கொட்டிக் கவிழ்ப்பதற்குச் சமம். இருபதில் ஒரு பங்கு உலகில், அதே அளவுத் தண்ணீருக்கு வெப்பம் கசியும் பரப்பு இருபது மடங்கு. நஷ்டத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுவதால், இந்த வால்வின் ஊதாரித்தனத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. முழுமை வேண்டுமென்பவர்கள் வால்ஷார்ட்ஸ் கம்பிகளை வேலை செய்யாத அலங்காரமாக மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஓடுகிற எஞ்சினில் ஓடாத உறுப்பு எதற்கு?

கடைசியாகப் போகி. தோட்டத்து வளைவுகள் மிகக் கூர்மையானவை. 60 சென்டிமீட்டர் ஆர வளைவு, பெருக்கிப் பார்த்தால் 12 மீட்டர். டார்ஜிலிங் மலைப்பாதையின் மிகக் கூரிய வளைவே ஏறக்குறைய 18 மீட்டர். உந்துசக்கர அச்சுகள் 60 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்து, போகியின் நடு ஊசி அவற்றின் மையத்திலிருந்து 130 மில்லிமீட்டர் பின்னால் இருந்தால், இந்த வளைவில் எஞ்சினின் வால் தண்டவாளத்தின் நடுக்கோட்டை விட்டு 13 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். ஊசி ஒரே இடத்தில் இறுகியிருந்தால் ஏதாவது ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறியே ஆகவேண்டும். எனவே ஊசிக்குப் பக்கவாட்டில் நீள்துளை போடுவார்கள். அல்லது உந்துசக்கரங்களின் பின்னே ஒரு முனையைப் பொருத்திய நீண்ட கையில் போகியைத் தொங்கவிட்டு, அது அலைய இடம் கொடுப்பார்கள். ஃபார்னியே தன் எஞ்சின் போகியை முன்னால் விட்டு ஓடவேண்டும், வளைவை அதுதான் முதலில் கண்டு எஞ்சினைத் திருப்பவேண்டும் என்றுதான் நினைத்தார். ரயில்வேக்காரர்கள் பல இடங்களில் புகைபோக்கியை முன்னால் வைத்தே ஓட்டினார்கள்.

அலையும் போகி தடம் விட்டு இறங்காமலிருக்க மேலிருந்து ஒரு சுருள்வில் அதை அழுத்தும். வில்லை இறுக்க இறுக்க போகி ஒழுங்காக ஓடும். ஆனால் அது எஞ்சினின் வாலைத் தூக்கி, உந்துசக்கரங்களின் எடையைத் திருடும். தளர்த்தினால் பிடிப்பு திரும்பும், போகி துள்ளும். இதற்குப் புத்தகச் சூத்திரம் உதவாது. சமையலறைத் தராசில் உந்துசக்கரங்களை மட்டும் ஏற்றி, போகியை அதே உயரப் பலகையில் நிறுத்தி, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே எண்ணைப் பார்ப்பார்கள். பெட்டிகளைக் கோத்து அந்தக் கூரிய வளைவில் ஓட்டி, போகி இறங்கினால் மறுபடி கால் சுற்று இறுக்குவார்கள்.