மாண்டிசோரி பள்ளியா? பெயர்ப்பலகையைத் தாண்டிப் பாருங்கள்!



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிள்ளைகளை மழலையர் வகுப்பில் சேர்க்கத் தேடும்போது ‘மாண்டிசோரி’ என்ற சொல் காதில் விழும். இந்தப் பெயர் யாருக்கும் தனியுரிமை இல்லை. எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தைக் கட்டணமாகக் கட்டும் முன், அது என்னவென்று அறிவது அவசியம்.

எங்கிருந்து வந்தது?

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

நம் அரசுப் பள்ளிகளுக்கும் இம்முறை முற்றிலும் புதிதல்ல. 2007-08-இல் தமிழகம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலில் இதன் சாயல் உண்டு. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்துத் தாமே படித்தது பலருக்கு நினைவிருக்கும்.

வகுப்பறையில் என்ன பார்க்க வேண்டும்?

* 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா?
* பொருட்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளனவா?
* பிள்ளை தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிக்கும்வரை இடையூறின்றிச் செய்ய நேரம் தருகிறார்களா?
* ஆசிரியர் இம்முறையில் பயிற்சி பெற்றவரா?

மூன்று வயதிலேயே நோட்டும் வீட்டுப்பாடமும் தந்தால் அது மாண்டிசோரி அல்ல. தொழுகையையே ஏழு வயதில் ஏவும்படிதான் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பென்சிலுக்கு ஏன் இத்தனை அவசரம்?

வீட்டிலேயே தொடங்கலாம்

கட்டணம் கட்ட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உப்புத்தாளில் அலிஃப், பா, தா என எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை இரண்டு விரலால் எழுத்தின் மேல் தடவியபடி ஒலியைச் சொல்லட்டும். கை வடிவத்தைப் பழகும், காது ஒலியைப் பழகும். தமிழ் எழுத்துகளுக்கும் இப்படியே செய்யலாம். மக்தப் உஸ்தாதுமார்களும் முயன்று பார்க்கலாம்.

தண்ணீர் ஊற்றுவது, செருப்பை வரிசையாக வைப்பது, தொழுகை விரிப்பை மடிப்பது எல்லாமே இம்முறையில் பாடங்கள்தாம். சிந்தினால் திட்டாதீர்கள், துடைக்கத் துணி கொடுங்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களை அழகிய முறையில் வளர்க்க அவன் நமக்கு அருள்புரிவானாக, ஆமீன்.