பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பானெட்டை அப்புறம் திறக்கலாம்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் தூக்கி இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இன்ஜின் கோளாறைச் செலவு செய்து சரிபண்ணிவிடலாம். அடிபட்டு வளைந்த சேசிஸையும் சிக்கலில் கிடக்கும் ஆர்.சி.யையும் நேராக்குவது லேசுப்பட்ட காரியமல்ல. எனவே முதலில் காகிதம், அடுத்து பாடி, இன்ஜின் அதற்கப்புறம்.

சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, எஃப்.சி. வாங்கி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அது 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. ஆய்வில் தேற வேண்டுமே என்று செய்யும் டிங்கரிங், பெயிண்ட் வேலைக்கு ஆகும் செலவோ இந்தக் கட்டணத்தையெல்லாம் விழுங்கிவிடும். 13 வயதுக் கார் மலிவாக வருகிறது என்றால், இரண்டு வருடத்தில் வரப்போகும் இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். விற்பவர் சொல்லும் ‘மாடல்’ கணக்கை நம்ப வேண்டாம். 15 ஆண்டுகள் பதிவுத் தேதியிலிருந்தே எண்ணப்படுகின்றன.

‘சிங்கிள் ஓனர் வண்டி சார்’ என்று புரோக்கர் சொல்வது நிஜமா என்பதை எம்-பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிடலாம். வண்டி எத்தனையாவது உரிமையாளரிடம் இருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை, எந்த வங்கியின் கடன் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்ற வாய்ப்பேச்சு போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், அதோடு வரும் படிவம் 35-ம் கையில் இருக்க வேண்டும். கட்டாத போக்குவரத்து அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் சுரண்டிய தடம் இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

டெல்லிப் பதிவு வண்டிகள் ஏன் அவ்வளவு மலிவு? தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டத் தடை விதித்த உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதனால் அங்கே விலை சரிந்த கார்கள் தெற்கே வருகின்றன. இவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. ஆனால் அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் சேர்ந்தால் மலிவு என்பது பாதி கரைந்துவிடும்.

இனி பாடி. சென்னையிலிருந்து வரும் கார் என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் நினைவுக்கு வர வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் சீட் பெல்ட் காட்டிக்கொடுத்துவிடும். அதை முழுதாக, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் போல்ட்டுகளிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கார் முழுக்க வாசனைத் திரவியம் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

விபத்தைக் கண்டுபிடிக்கக் கதவோர ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் பிரித்தாலே போதும். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் ஒரே அளவில், வட்ட வட்டமாக, வரிசையாக இருக்கும். அது காணாமல் போயிருந்தாலோ தாறுமாறாக இருந்தாலோ அந்தப் பக்கம் வெட்டி ஒட்டப்பட்டது. பானெட்டுக்குள் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது என்று பொருள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் மேல் நகர்த்துங்கள். பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது. சின்ன உரசலுக்குப் பெயிண்ட் அடித்திருப்பது குற்றமில்லை. நகரத்தில் பத்து வருடம் ஓடிய காரில் ஒரு கீறல்கூட இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

இன்ஜினைச் சூடாகாத நிலையில் பார்ப்பது முக்கியம். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் மக்கர் செய்யும் இன்ஜினை நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கூலன்ட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் கலந்தாற்போல் இருந்தால் ஹெட் கேஸ்கெட் செலவு காத்திருக்கலாம். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக், இன்ஜின் விளக்குகள் எரிந்து, சற்றுப் பொறுத்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பழைய சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10 போன்றவை பெல்ட் வைத்த இன்ஜின்கள்; ஓடும்போது அறுந்தால் இன்ஜினுக்கே சேதம். ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது செயின்.

மீட்டர் ஓட்டத்தை லேப்டாப் வைத்துக் குறைத்துவிடுகிறார்கள். 40 ஆயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. டயரின் வயதையும் மீட்டரோடு ஒப்பிடுங்கள். அதில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டுப் பார்க்கலாம். உதிரி பாகமும் கணக்கில் வர வேண்டும். செவ்ரோலே 2017-ஓடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. இவற்றின் நல்ல கார்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. சென்னை புதுப்பேட்டையில் அலைந்து சாமான் தேடப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம்.

விலை படிந்தபின் படிவம் 29, 30-இல் விற்பவரின் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைத் தராதீர்கள். கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதிலுள்ள நோ-கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே சொந்தம் என்பதால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட நேரும். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். கார் பல கை மாறிய பின்னும், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ‘பெயர் மாத்துறது மெதுவா பாத்துக்கலாம் சார்’ என்று எந்தத் தரப்பு சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.