மெருகின் அடியில் மறைந்திருக்கும் கறள்

புதிதாக வர்ணம் பூசப்பட்ட மோட்டார் வண்டியொன்று வீதியில் வரும்போது அதனைத் திரும்பிப் பாராதவர் சிலரே. அது பழைய வண்டியென்று அறிந்தவரும், "புத்தம் புதிதுபோல் இருக்கிறதே!" என்று வியந்து நிற்பர். வண்டிக்குரியவரின் முகத்தில் அவ்வேளை தோன்றும் பெருமிதத்துக்கு அளவேது? ஆனால், திருகோணமலை போன்ற கடற்கரைப் பட்டினத்தில் அந்தப் பெருமிதம் பல வேளைகளில் இரண்டு மாரிகளைத் தாண்டுவதில்லை. முதலில் சில்லுக்கு மேலுள்ள வளைவில் மிளகளவான கொப்புளம் ஒன்று தோன்றும். பின்னர் கதவின் அடியோரத்தில் மற்றொன்று. விரலால் அழுத்தினால் பெயின்ற் பொருக்காக உதிரும். உள்ளிருந்து செந்தூள் கொட்டும். "மட்டமான பெயின்ற்!" என்று வண்டிக்காரர் பூசியவரையும் விற்றவரையும் ஒருசேரக் கடிந்துகொள்வார்.

பெரும்பாலும் குற்றம் பெயின்றில் இல்லை. அது எதன்மேல் பூசப்பட்டதோ அதிலேயே இருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டிக்கு வர்ணம் பூசுவோருக்கு இதைவிடச் சிறந்த உபதேசம் வேறில்லை. பழைய பூச்சையும் கறளையும் நீக்கித் தகரத்தைத் துப்புரவாக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. ஆனால், புதிய பூச்சின் ஆயுளை நிர்ணயிப்பது அதுவே.

உப்புக் காற்றின் கைவரிசை

துரு என்று ஏடுகள் கூறுவதையே நம்மவர் கறள் என்பர். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்று கூடினால் கறள் பிறக்கும். இம்மூன்றுடன் உப்பும் சேர்ந்துவிட்டால் வேலை பன்மடங்கு விரைவாக நடக்கும். உப்புக் கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்துமாதலால், இரும்பை அரிக்கும் மின்னிரசாயன மாற்றம் அதிலே தடையின்றி நிகழ்கிறது. அன்றியும், உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு. மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த தகரம் இரவில் நனைந்தே கிடக்கும்.

திருகோணமலை நகரத்தின் அமைப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் பின் விரிகுடாவும் டச்சு விரிகுடாவும். மறுபுறம் உலகப் புகழ்பெற்ற உள்துறைமுகம். எத்திசையிலிருந்து காற்று வீசினாலும் அது கடலைத் தடவிக்கொண்டே வரும். நகருக்கு வடக்கேயுள்ள உப்புவெளியின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கண்டியிலோ பதுளையிலோ ஓடும் வண்டிக்கு இல்லாத பகைவன் இங்கே ஓடும் வண்டிக்கு இரவும் பகலும் உண்டு.

கறளுக்கு மற்றொரு கெட்ட குணமும் உண்டு. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, பூச்சின் அடியில் பிறந்த கறள் வளர வளரப் பூச்சை மேலே தள்ளும். அதுவே நாம் காணும் கொப்புளம். நெல்லுமியளவு கறளை விட்டுவைத்துப் பூசினாலும், நீரும் காற்றும் புகும் வழி கிடைத்ததும் அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

துறைமுகம் கற்பித்த பாடம்

கடலையும் இரும்பையும் ஒன்றாக வைத்துக் காப்பது எப்படி என்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை திருகோணமலைத் தளம் பிரித்தானியக் கடற்படையின் வசம் இருந்தது; இன்று இலங்கைக் கடற்படை அதனைப் பயன்படுத்துகிறது. கப்பற்றொழிலிலே ஒரு பழைய ஒழுங்கு உண்டு. கறளைச் சுத்தியலால் கொத்து, சுரண்டு, கம்பித் தூரிகையால் தேய், கழுவு, உலர்த்து, அதன் பின்னரே பூசு. மாலுமி ஒருவனுக்கு வர்ணத் தூரிகையைக் கொடுக்குமுன் சுரண்டியைக் கொடுப்பதே வழக்கம்.

சீனன்குடாவை அடுத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்னர் பிரித்தானியர் கட்டிய தொகுதியில் எஞ்சியவை இவை. அவற்றுட் பல நீண்டகாலம் பயன்பாடின்றிக் கறள் ஏறிக் கிடந்தும் உருக்குலையாது நிற்பதற்குக் காரணம், அவற்றின் தகடு தடித்த உருக்குத் தகடாக இருப்பதே. மோட்டார் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் மேனித் தகரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உள்ளது. இக்கால வண்டிகளில் அதனிலும் குறைவு. தாங்கி தாங்கும் கறளை வண்டி தாங்காது. ஆகவே, கப்பற் பட்டறையின் பொறுமையும் தட்டானுக்குரிய மென்மையும் ஒருங்கே வேண்டிய வேலை இது.

நீக்கும் வழிகள்

கறள் வெளியே தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. சில்லு வளைவின் உள்மடிப்பு, கதவின் அடி, படியின் உட்புறம், தரைத் தகரத்தின் விளிம்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் ஆகிய சேறும் நீரும் தங்கும் மறைவிடங்களே அதன் பிறப்பிடம். கைதேர்ந்த வேலைக்காரர் முதலில் இறப்பரையும் விளக்குகளையும் கழற்றி, இந்த மூலைகளைத் துருவிப் பார்ப்பார்.

பழைய பூச்சை நீக்கும் வழிகளில் தலையாயது கையால் தேய்ப்பது. சுரண்டியால் தளர்ந்ததை எடுத்து, முரட்டு அரத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய அரத்தாளுக்குச் செல்வர். நேரம் பிடிக்கும், ஆனால், தகரத்துக்குக் கேடில்லை. மின்சாரத்தில் சுழலும் அரத்தட்டு விரைவானது. எனினும், ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறித் தகரம் நெளிந்துவிடும். 1980களுக்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றின் தகரத்திலே நாகம் என்னும் துத்தநாகப் படலம் உண்டு. அதனையும் சேர்த்துத் தேய்த்துவிடுவது, வீட்டைக் காக்கும் நாயை நாமே விரட்டுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வழி, 'ரிமூவர்' எனப்படும் இரசாயனப் பசை. பூசிச் சிறிது நேரத்தில் பழைய பெயின்ற் சுருங்கி எழும்பும். பின் சுரண்டி எடுக்கலாம். மடிப்புகளில் மிஞ்சிய பசையை முற்றாக நீக்காவிடில், பின்னர் அது புதிய பூச்சையும் கிளப்பிவிடும்.

மூன்றாவது, அமுக்கிய காற்றினால் துகள்களை வீசியடிப்பது. தடித்த அடிச்சட்டத்துக்கும் சில்லுக்கும் இது சாலச் சிறந்தது. மெல்லிய மேனித் தகரத்தில் வேகமாக அடித்தால் அது அலையலையாக நெளிந்துவிடும்.

தேய்த்தும் போகாது குழிகளில் ஒளிந்திருக்கும் கறளுக்கு மருந்துகள் உண்டு. பொசுபோரிக் அமிலம் கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றும். வேறு சில மருந்துகளில் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கும். அது பட்டதும் கறள் கருநீலமாகும். கடுக்காய் நீரில் இரும்பாணியை இட்டால் நீர் கறுப்பதை நம் பாட்டிமார் அறிவர். அதே வித்தைதான் இது. ஆனால், இம்மருந்துகள் தளர்ந்த கறளைச் சுரண்டியெடுத்த பின் மிஞ்சியதற்கே உரியவை. பொருக்கின்மேல் ஊற்றிவிட்டுப் பூசினால் பொருக்கோடு பூச்சும் போகும்.

யாவற்றினும் முக்கியமானது, கடற்கரை ஊரார் மறக்கக்கூடாதது ஒன்றுண்டு. கறட்குழிகளில் உப்பு தங்கியிருக்கும். அரத்தாள் அதனை எடுக்காது. நல்ல நீரால் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். கடலோரக் கிணற்று நீர் உவராயின் அதனால் கழுவுவது உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகும். கழுவியதும் துடைத்து, காற்றாலும் வெப்பத்தாலும் முற்றாக உலர்த்தி, அன்றைக்கே 'பிரைமர்' எனும் அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். வெற்றுத் தகரத்தை இரவெல்லாம் கடற்காற்றில் விட்டால் காலையில் மெல்லிய செம்படலம் படிந்திருக்கும். இக்காரணத்தால் வாடை மழை தொடங்குமுன், கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களில் இவ்வேலையை முடித்துக்கொள்வதே அறிவுடைமை.

பட்டியால் மூடிய பழி

இவ்வளவு பாடுபடுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கறளைச் சற்றே தட்டிவிட்டு, ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மழமழவென்று தேய்த்து, மேலே பளபளப்பாகப் பூசிவிடுவது. வாங்க வருபவன் கண்ணுக்குக் குறையேதும் தெரியாது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சுவது. அதன் மறைவில் கறள் முன்னிலும் சுகமாக வளரும்.

பணம் வீணாவது மட்டுமானால் பொறுக்கலாம். கதவுக்கு அடியிலுள்ள படியும், தரைத் தகரமும், இருக்கைப் பட்டி பொருத்தப்படும் இடமும் வண்டியின் எலும்புக்கூட்டைச் சேர்ந்தவை. விபத்து நேரும்போது உள்ளிருக்கும் உயிர்களைக் காப்பவை அவை. அவ்விடங்களில் கறள் தின்ற தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் ஒட்டுவதற்குப் பதிலாகப் பட்டி பூசுவது, உளுத்த தூணுக்குச் சுண்ணாம்பு அடித்து அதன்கீழ் குழந்தைகளைப் படுக்க வைப்பது போன்றது.

நம் நாட்டில் இது பெருங்கவலைக்குரிய காரியம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டிகள் பொன்விலை விற்றன. முச்சக்கர வண்டியோ சிறு வேனோ ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையாக இருக்கும் வீடுகள் எத்தனை! பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தைக் கொட்டி வாங்கிய வண்டி, பட்டிக்குள் பொடிந்த தகரமாக வாய்த்துவிட்டால் அக்குடும்பத்தின் கதி என்ன?

வேலை செய்பவரின் மூச்சு

வண்டியின் ஆயுளைப் பேசும்போது, அதைச் சுரண்டுபவரின் ஆயுளை மறத்தல் தகுமா? பழைய பூச்சுக்களில் ஈயம் கலந்திருந்தது. பழைய வண்டிகளின் பொருத்துகளையும் ஈயக் கலவையால் நிரப்பினர். அதனை உலர்வாகத் தேய்த்தால் தூளாகவும், தீயால் சுட்டால் புகையாகவும் நெஞ்சுக்குள் செல்லும். வேலை உடையில் ஒட்டிய தூள் வீட்டுக்கும் வரும். தந்தையை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைக்கே ஈயம் மிகுந்த கேடு செய்கிறது. வளரும் மூளையை அது பாதிக்கிறது.

ரிமூவர் வகைகள் சிலவற்றில் மெதிலீன் குளோரைட்டு என்னும் திரவம் உண்டு. அதன் ஆவி காற்றிலும் கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கும். உடலினுள் சென்றால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவாக மாறும். மூடிய இடங்களில் இதனால் உயிரிழந்தவர் உளர். ஐக்கிய அமெரிக்கா 2019ஆம் ஆண்டில் இதனைக் கொண்ட பூச்சு நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. கடற்கரை மணலை வீசியடிப்பதும் அவ்வாறே ஆபத்தானது. மணலின் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து தீராத நோயைத் தரும் என்பதனாலேயே பிரித்தானியா 1949ஆம் ஆண்டு விதிகளில் மணல் வீச்சை விலக்கியது.

காப்பு வழிகள் கடினமானவை அல்ல. திறந்த வெளியில் வேலை செய்தல், ஈயமிருக்கக்கூடிய பழைய பெயின்றை நீர் தெளித்துத் தேய்த்தல், வெறுந்துணிக்குப் பதிலாகத் தகுந்த முகமூடி அணிதல், விளக்குமாற்றால் பெருக்காது ஈரத்துணியால் துடைத்தல், கை கழுவாது உண்ணாமை, வேலை உடையைத் தனியாகத் துவைத்தல் ஆகியவையே அவை. கணவரோ மகனோ கராஜில் வேலை செய்யும் வீட்டுப் பெண்கள் இக்கடைசி ஒன்றைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், குழந்தைகளுக்குச் செய்த பேருதவியாகும்.

வண்டி உடையவர் செய்யத்தக்கவை

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? சிறு காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றி, தகரத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். சில்லு வளைவிலும் கதவடியிலும் காந்தம் பிடியாது வழுக்கினால் அங்கே பட்டி தடிப்பாக இருக்கிறது என்று கொள்ளலாம். விரல் முட்டியால் தட்டினால் தகரம் கணீரென்னும். பட்டி மந்தமாக ஒலிக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க நாணவேண்டாம்.

வர்ணம் பூசக் கொடுக்கிறீர்களா? விலை பேசும்போதே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள்: "அடிப்பூச்சு அடிக்குமுன் எனக்குச் சொல்லுங்கள், ஒருமுறை வெற்றுத் தகரத்தைப் பார்க்கவேண்டும்." நேர்மையான வேலைக்காரர் இதனால் கோபங்கொள்ளார், தம் மறைந்த உழைப்பைக் காண ஒருவர் வருகிறாரே என்று மகிழ்வார். அவருடைய கூலியில் பெரும்பகுதி இந்த அடிவேலைக்கே உரியது என்பதையும் உணர்ந்து, அதனைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தாதிருப்பது நம் கடமை. மலிவாகக் கேட்பவருக்கு மலிவான இடத்திலேயே கை குறைக்கப்படும். அந்த இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடமாகவே இருக்கும்.

இம்மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று என்னும் கனிமம் அகழப்படுகிறது. உலகெங்கும் வெண்ணிறப் பெயின்றுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் அத்தகைய மணலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நிறத்தின் மூலப்பொருளையும் நிறத்தை உதிர்க்கும் உப்பையும் ஒரே கடற்கரையில் வைத்திருக்கிறது இயற்கை. இவற்றுள் எது வெல்லும் என்பதைப் பெயின்ற் தகரத்தின் மேற்பெயர் நிச்சயிப்பதில்லை. பூசுவதற்கு முன்பு, ஒருவரும் பாராத மூலையில் குனிந்திருந்து சுரண்டிய கையே நிச்சயிக்கிறது.