கக்குவான் இருமல்: பச்சிளங்குழந்தைகளிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்ன?

தொடர் இருமலின் முடிவில் ‘ஊப்’ என்ற ஒலியுடன் மூச்சை இழுப்பதே கக்குவான் இருமலின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால், இந்நோயால் அதிக ஆபத்துக்கு உள்ளாகும் பச்சிளங்குழந்தைகளிடம் அந்த ஒலி கேட்காமலேயே போகலாம்.

‘போர்டெடெல்லா பெர்டுசிஸ்’ என்ற பாக்டீரியாவால் ஏற்படும் இந்நோய், இருமல், தும்மலின்போது வெளிப்படும் நீர்த்திவலைகள் மூலம் பரவுகிறது. முதல் ஓரிரு வாரங்களில் மூக்கொழுகல், லேசான காய்ச்சல், அவ்வப்போது இருமல் ஆகியவையே காணப்படும். இதனால் சாதாரண சளி என்றே பெற்றோர் எண்ணக்கூடும்.

அதன் பின்னர் மூச்சுவிட இடைவெளியின்றி அடுக்கடுக்காக இருமல் வரும். இரவில் இது அதிகரிக்கும். முகம் சிவக்கும், இருமலின் முடிவில் வாந்தி ஏற்படும். இடையிடையே குழந்தை நலமாக இருப்பதுபோலத் தோன்றினாலும் நோய் நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது. இருமல் 10 வாரங்கள் வரைகூட நீடிக்கலாம்.

<b>உடனடி சிகிச்சை எப்போது?</b>

ஆறு மாதங்களுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் குறைவாக இருந்தாலும், சில விநாடிகள் மூச்சு நின்றுபோகலாம். மூச்சு தடைபடுதல், உதடு, நாக்கு நீலம் பாரித்தல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூக்கின் உட்பகுதியில் எடுக்கப்படும் மாதிரியைப் பரிசோதித்து நோய் உறுதிசெய்யப்படுகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தொடக்கத்திலேயே அளித்தால் பலன் அதிகம். தாமதமாக அளித்தால் இருமலின் தீவிரம் பெரிதாகக் குறையாது, எனினும் நோய் பரவுவது தடுக்கப்படும்.

கடைகளில் இருமல் மருந்து வாங்கிக் கொடுப்பது தீர்வாகாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியுள்ளது. ஒரு வயது நிறைவடையாத குழந்தைக்குத் தேனும் தரக் கூடாது.

<b>தடுப்பூசி அட்டவணை</b>

தேசியத் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் 6, 10, 14-ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் 5 முதல் 6 வயதுக்குள்ளும் டிபிடி ஊக்கத் தவணைகளும் அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செலுத்தப்படுகின்றன.

முதல் தவணைக்கு முந்தைய ஆறு வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசியின் நேரடிப் பாதுகாப்பு இல்லை. கர்ப்ப காலத்தில் தாய் செலுத்திக்கொள்ளும் ‘டிடாப்’ தடுப்பூசி இந்த இடைவெளியை ஈடுசெய்ய உதவும்; இது குறித்து மகப்பேறு மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம். தடுப்பூசியின் பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதால் பெரியவர்களுக்கும் இந்நோய் வரலாம். எனவே, வீட்டில் எவருக்கேனும் இருமல் நீடித்தால், அவர் குழந்தையை நெருங்காமல் இருப்பதுடன் மருத்துவரையும் அணுக வேண்டும்.