உங்களுக்குத் தெரியுமா? நிலவுக்குப் போன தையல்
நிலவுப் பயணம் முடித்து 1969 அக்டோபர் 26 அன்று பம்பாய் வந்த ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் சாதாரண கோட்டு சூட்டில்தான் இருந்தார்கள். விண்வெளியில் அவர்கள் உயிரைக் காத்த உடையைத் தைத்துக் கொடுத்தது, ‘பிளேடெக்ஸ்’ என்ற பெயரில் பெண்களின் உள்ளாடை விற்றுவந்த அமெரிக்க நிறுவனம்! அங்கிருந்த தையற்காரப் பெண்கள் ஓட்டியதும், இதே பம்பாயின் தாராவியில் ராப்பகலாக ஓடுகிறதே, அந்தத் தையல் மெஷினின் உறவுக்கார மெஷின்தான்.

நிலவில் நடந்த உடைக்கு மொத்தம் 21 அடுக்குகள். மேலே நெருப்புக்கு அசையாத கண்ணாடி இழைத் துணி; 1967இல் அப்போலோ 1 விண்கலத் தீயில் விண்வெளி வீரர்கள் மூவர் பலியானபின் வந்த மாற்றம் அது. தையல் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. அடுக்குக்குள் மறந்துபோன ஒரு குண்டூசி போதும், காற்று கசிந்து ஆள் காலி. ஆகவே தைத்து முடித்த உடைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.